ஒருவர் தலையில் அடங்காத ஊர்

புதுச்சேரியில் கால்வாய்க்கு மேற்கே, திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட பழைய தமிழ் வீடொன்றை விலை பேசப் போகிறவர் வீட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் மூலப்பத்திரத்தைப் பார்ப்பது நல்லது. அந்தப் பத்திரமோ, நொத்தேர் எனப்படும் பிரெஞ்சு ஆவண அதிகாரி ஒருவர் முன்னிலையில் பிரெஞ்சு பாஷையில் எழுதப்பட்டு, பிற்பாடு தமிழில் ஒரு பாகப்பிரிவினையாகவும், அதற்கும் பிற்பாடு ஆங்கிலத்தில் ஒரு கிரயமாகவும் கிளைத்து, ஒவ்வொரு கிளையிலும் அளவும் எண்ணும் பெயரும் சற்றே வேறுபட்டு நிற்கும். அளவு ஓரிடத்தில் குழிக்கணக்கு, இன்னோரிடத்தில் ஆர், செண்டியார், இன்றைய அக்ரிமென்டில் சதுர அடி. ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி என்று எவரும் கணக்கிட்டுவிடலாம். குழியோ ஊருக்கு ஊர் வேறு அளவு. எண் என்று எடுத்துக்கொண்டால், கிராமத்து நிலமாயின் பழைய கதாஸ்தர் (பிரெஞ்சு நில அளவை) எண்ணும் புதிய ரீசர்வே எண்ணும், நகரத்து மனையாயின் வார்டு, பிளாக், டி.எஸ். எண் ஆகியனவும் வரிசையாக வரும். அவற்றில் ஒன்று பிசகினாலும் பக்கத்து வீட்டுக்காரரின் கிணற்றை விற்றுவிட நேரும்.

இவை யாவும் தெரிந்த ஒரே மனிதர் புதுச்சேரியில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வக்கீலுக்குச் சட்டம் தெரியும், சர்வேயருக்குக் கல் தெரியும், பத்திரம் எழுதுபவருக்கு வாசகம் தெரியும். வீட்டுத் தரகர் இவர்களுள் எவர் அளவுக்கும் ஒன்றைக் கற்றவர் அல்லர்; ஆனாலும் எந்தச் சந்தேகத்தை எவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். இந்த அறிவைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் எதுவும் இவ்வூரில் இல்லை. அது சக தரகர்களின் சகவாசத்தில், அதிலும் வாங்கியதற்கு ஈடாகக் கொடுக்கவும் செய்கிற சகவாசத்தில்தான் வருகிறது.

பெயர் விஷயத்தையே சற்று விரிவாகப் பார்ப்போம். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதிய பிரெஞ்சு ஆணை ஒன்று, தம் சமூகத்தின் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்பட விரும்பிய இந்தியர்களுக்கு வழி திறந்துவிட்டது. ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட பொன்னுத்தம்பி என்னும் வழக்கறிஞர் லப்போர்த் என்ற குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டு முன்னே நிற்க, அவர் பின்னால் பலர் அவ்வாறே எழுதிக்கொடுத்துப் புதுப் பெயர் ஏற்றார்கள். ரெனோன்சான் என்று வழங்கப்படும் இவர்களுடைய சந்ததியாரின் சொத்து விற்பனைக்கு வரும்போது, பாட்டனார் பெயர் தமிழ்ப் பெயராகவும் பேரனார் பெயர் பிரெஞ்சுப் பெயராகவும் இருக்கக் காண்பது சகஜம். இருவரும் ஒரே குடும்பம் என்று நிரூபிக்கப் பிரெஞ்சு அரசின் பிறப்பு, மணம், இறப்புப் பதிவேடுகளைத் தேடிப்போக வேண்டும். பதிவேட்டில் உறவு ருசுவானாலும் வேலை தீர்ந்தபாடில்லை. பிரெஞ்சு சிவில் சட்டத்தின்படி, தனி ஒப்பந்தம் எழுதாமல் மணந்தவர்கள் இல்லறக் காலத்தில் வாங்கிய சொத்து, பத்திரத்தில் கணவன் பெயர் மட்டும் இருந்தாலும், பொதுவாக இருவருக்கும் உரியது. உயிலெழுதி அனைத்தையும் ஒருவருக்கே கொடுத்துவிடவும் முடியாது: ஒரு பிள்ளை இருந்தால் பாதி, இரண்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் நான்கில் மூன்று பங்கு பிள்ளைகளுக்கென்று ஒதுங்கி நிற்கும்.

ரெனோன்சான் அல்லாத இந்துக் குடும்பங்களின் கதை வேறு. பிரெஞ்சுக் காலத்துப் புதுவை வழக்கத்தில், தந்தை உயிரோடிருக்கும்வரை பரம்பரைச் சொத்துக்கும் அவரே முழு உரிமையாளர். பிறந்த மாத்திரத்தில் மகனுக்கு ஒரு பங்கு என்னும் ஏற்பாடு அங்கே இல்லை. சென்னை மாகாணத்தில் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது 1963 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்துதான். அப்போதும் ரெனோன்சான்களை அது விட்டுவிட்டது. ஆகவே 1950-இல் ஒரு தந்தை தனியாகக் கையெழுத்திட்டு விற்ற பத்திரத்தை விழுப்புரத்துத் தரகர் பார்த்தால், “பசங்க கையெழுத்து எங்க?” என்று திடுக்கிடுவார்; புதுச்சேரித் தரகர் பத்திரத்தின் தேதியையும் ஊரையும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். இந்தச் சட்டப் பின்னலைப் பற்றி நீதியரசர் தாவித் அன்னுசாமி போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். தரகர்களில் அதைப் படித்தவர்கள் சிலரே. ஆயினும் அதன் சாரம் எப்படியோ அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எப்படி வந்தது என்பதே இங்கே நமக்கு விஷயம்.

அதற்கு முன் எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்பவர் முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார்; இன்னும் போனால் காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி. மேற்கே விழுப்புரம் சாலையிலும் வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மீண்டும் புதுச்சேரி. ஒரே சாலையில் அரை மணி நேரப் பயணத்துக்குள் பதிவு அலுவலகம், வழிகாட்டி மதிப்பு, மனை அனுமதி வழங்கும் அதிகாரி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் ஆகிய அத்தனையும் மாறிவிடுகின்றன. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தத் தமிழ்நாடு 2017-இல் கொண்டுவந்த விதி, வேலிக்கு அந்தப்புறம் செல்லும், இந்தப்புறம் செல்லாது. வாங்க வருகிற சென்னைவாசிக்கு வேலி எங்கிருக்கிறது என்பதே தெரியாது.

இனி, இந்த அறிவு தரகர்களிடம் எப்படி வந்து சேர்கிறது என்னும் விஷயத்துக்கு வருவோம். முன்பெல்லாம் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் நடந்த சம்பாஷணை, இன்று பெரும்பாலும் கைப்பேசியில், வாட்ஸாப் குழுக்களில் நடக்கிறது. அவற்றுள் பெரும்பான்மையானவை கற்கும் இடங்கள் அல்ல என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். காலையில் கண்விழித்தால், “லாஸ்பேட்டையில் கிழக்குப் பார்த்த மனை, டைரக்ட் பார்ட்டி, பேப்பர் கிளியர், உடனே கிரயம்” என்று நூறு செய்திகள். இடையிடையே பூங்கொத்தும் காலை வணக்கமும். எல்லோரும் விற்கிறார்கள், கேட்பவர் எவருமில்லை. அதே மனையை நான்கு பேர் நான்கு விலையில் போட்டிருப்பார்கள். நால்வரில் ஒருவர்கூட உரிமையாளரைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். இதைக் கூட்டம் என்று சொல்லலாமே தவிர, சமூகம் என்று சொல்வது அதிகம்.

ஆனால் அந்தக் குழுக்களிலிருந்தே கிளைத்த, முப்பது நாற்பது பேர் மாத்திரம் உள்ள சிறிய குழுக்களும் உண்டு. அவற்றில் மனை விளம்பரம் போடக்கூடாது என்பது பேசாமலே ஏற்பட்ட கட்டுப்பாடு. அங்கே ஒரு நாள் இரவு இளையவர் ஒருவர் குரல்செய்தி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “அண்ணா, ஒரு வீடு கைக்கு வந்திருக்கு. அப்பா சொல்தாவா இருந்தவர், பென்ஷன் வாங்கிட்டிருந்தார், இறந்துட்டார். பெரிய பையன் இங்க இருக்கார், மத்தவங்க பிரான்ஸ்ல. பையன் பவர் வச்சிருக்கேன்றார். அக்ரிமென்ட் போடலாமா?” பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவரைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வார்கள், அந்த ஒரு சொல்லைக் கேட்டதுமே மூத்தவருக்கு வீட்டின் சிக்கல் பாதி விளங்கிவிடுகிறது. அவர் பதில் சொல்லவில்லை, எதிர்க்கேள்விகள் கேட்கிறார்: “தம்பி, அப்பா ரெனோன்சானா, இல்ல இந்து முறையா? அம்மா இருக்காங்களா? வீடு கல்யாணத்துக்கு முன்ன வாங்கினதா, பின்னயா? பவர் யார் யார் கொடுத்தது, எங்க எழுதினது, இங்க வந்து எத்தனை நாள் ஆச்சு?”

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் முன்பு நஷ்டப்பட்டு அறிந்த சங்கதி. வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என்பது முத்திரைச் சட்டத்தின் விதி. அது தவறினால் பதிவின்போது இழுபறி. பவரை வைத்துக்கொண்டு விற்பனை முடிந்துவிட்டதாகப் பாவிக்கும் பழக்கத்தை, 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்துவிட்டது. பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும். விற்பவர் இந்தியாவில் வசிப்பவராயின் 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள விலைக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய வருமான வரி 1 சதவீதம்; விற்பவர் பிரான்ஸில் வசிப்பவராயின் கணக்கே வேறு, பிடித்தம் பன்மடங்கு. இதை முன்கூட்டிச் சொல்லாத தரகரால், கிரயத்தன்று பதிவு அலுவலக வாசலிலேயே இரு தரப்பும் சண்டையிட்டுப் பிரிந்த கதைகளை ஊரில் கேட்கலாம்.

இளையவர் கேட்டது ஒரே ஒரு விஷயம். கேட்டுக்கொண்டிருந்த முப்பது பேருக்கும் கிடைத்தது நான்கு விஷயம். தவிர, கேட்டவர் தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு கேட்டார். தரகுத் தொழிலில் அது லேசான காரியமன்று. “எனக்குத் தெரியாதது இந்த ஊர்ல எதுவும் இல்ல” என்னும் தோரணையே பல தரகர்களின் மூலதனம். கட்சிக்காரர் எதிரில் அந்தத் தோரணை ஓரளவு வேண்டியிருக்கலாம், சகாக்கள் எதிரிலும் அதையே கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கற்பதற்கு ஏது இடம்?

தொழில் ரகசியம் போய்விடுமே என்ற அச்சம் இன்னொன்று. விற்கிறவர் பெயர், வீட்டு முகவரி, அவர் இறங்கிவரக்கூடிய கடைசி விலை ஆகியவை ரகசியந்தான். அவற்றை வெளியிடுபவன் நம்பிக்கைத் துரோகி. ஆனால் ரெனோன்சான் சொத்தில் மனைவியின் பாதியைக் கேட்டறிய வேண்டும் என்பது ரகசியமன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, சொல்லத்தக்கதைச் சொல்லாமலும் சொல்லத்தகாததைச் சொல்லியும் திரிபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். கட்சிக்காரரின் ஆதார் அட்டையோடு சேர்த்து முழுப் பத்திரத்தையும் படமெடுத்துக் குழுவில் போட்டு, “இது ஓகேவா சார்?” என்று கேட்கும் வழக்கத்துக்கு யார் முற்றுப்புள்ளி வைப்பார்களோ!

மனிதர் தொழில் கற்கும் விதத்தை ஆராய்ந்த ஜீன் லேவ், எத்தியென் வெங்கர் என்னும் இருவர் 1991-இல் வெளியிட்ட நூலில், மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையல் பயிலும் சிறுவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். அங்கே துணி வெட்டுவதை முதலில் கற்பிப்பதில்லை. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது முதலிய கடைசி வேலைகளைச் சிறுவன் முதலில் செய்கிறான். பிறகு உடைத் துண்டுகளை இணைத்துத் தைக்கிறான். வெட்டுவது எல்லாவற்றுக்கும் பின்னர். கடைசி வேலையைச் செய்யும்போதே உடை முழுவதும் எப்படி அமைகிறது என்பதை அவன் கண்டுகொள்கிறான், பிழைத்தாலும் துணி பாழாவதில்லை. புதுச்சேரித் தரகர் எவரும் அந்நூலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை; எனினும் நல்ல மூத்த தரகரிடம் சேர்ந்த பையன் முதலில் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடுகிறான், பிறகு இடம் காட்டப் போகிறான், பிறகு அக்ரிமென்ட் பேச்சில் வாய் திறவாமல் பக்கத்தில் உட்காருகிறான், விலை பேசும் அதிகாரம் அவனுக்கு வெகுநாள் கழித்தே வருகிறது. குழுவிலும் இதே படிமுறைதான். வந்தவுடன் உபதேசம் செய்பவரை எவரும் பொருட்படுத்துவதில்லை. “இந்த வருஷம் வழிகாட்டி மதிப்பு அந்தத் தெருவுக்கு மாறியிருக்கு, நேற்று பார்த்தேன்” என்று சிறு செய்தியொன்றைச் சரிபார்த்துச் சொல்பவரின் வார்த்தைக்கு நாளடைவில் மதிப்பு உண்டாகிறது.

தரகும் செய்தியும் புதுச்சேரியில் இரட்டைப் பிறவிகள். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராயிருந்த நைனியப்ப பிள்ளை 1716-இல் சிறைப்பட்டு மறு ஆண்டு சிறையிலேயே மாண்டதும், பின்னர் பிரான்ஸில் அவருக்கு எதிரான தீர்ப்பு மாற்றப்பட்டதும் சரித்திரம். ஊரின் வியாபாரச் செய்தி அத்தனையும் ஒருவர் கையில் குவிந்திருப்பது எத்தனை பேர் கண்ணை உறுத்தும் என்பதற்கு அதுவே போதும். அவருடைய உறவினரும், ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக இருந்தவருமான ஆனந்தரங்கப் பிள்ளையோ, 1736 முதல் 1761 வரை கப்பல், சரக்கு, விலை, வதந்தி, வழக்கு எனக் கேட்டதையும் கண்டதையும் எழுதிவைத்தார். அந்த நாட்குறிப்பு 1846-இல்தான் வெளி மனிதர் கண்ணில் பட்டது. சரித்திர ஆசிரியர்களுக்கு நிதியாகிவிட்ட அந்த ஏடுகள், அவருக்கு அடுத்த தலைமுறைத் தரகர்கள் எவருக்கும் பயன்பட்டிருக்க முடியாது. இன்றைய தரகரோ எழுதிவைப்பதுகூட இல்லை. நாற்பது ஆண்டுகளாக முத்தியால்பேட்டையின் ஒவ்வொரு சந்துபொந்தையும் அறிந்த ஒருவர் காலமானால், எந்த வீட்டுக் கொல்லைச் சுவர் யாருக்குப் பொது என்ற அறிவும் அவரோடு போய்விடுகிறது.

அயல்நாட்டார் இதற்கு ஸ்தாபனங்களையே ஏற்படுத்திப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தரகர்கள் ஓரிடத்தில் கூடித் தம் கையிலுள்ள சொத்துக்களைப் பிறருக்கு அறிவித்து, வாங்குபவரைக் கொண்டுவருபவருக்குப் பங்கு கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். 1908-இல் சிகாகோவில் தேசிய சங்கம் தோன்றியது; 1913-இல் ஒழுக்க விதிகளும் எழுதப்பட்டன. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பரஸ்பர உதவிக்கென்று கூடிய கூட்டம் நாளடைவில் பரஸ்பர லாபத்துக்கென்று திரும்புவதும் உலக இயல்பு: தரகுப் பணத்தைக் குறையவிடாமல் சங்கத்தின் விதிகள் தாங்கிப்பிடித்தன என்று வீடு விற்றவர்கள் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபரில் மிசௌரி ஜூரி சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, 2024 மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலர் தரவும் விதிகளை மாற்றவும் சம்மதித்தது. நம்மூர்ச் சிறு குழுக்களிலும், “இந்த ஏரியாவுல இதுக்குக் கீழ யாரும் விலை சொல்லாதீங்க” என்று ஒரு செய்தி வரும் நாளில் அது கற்கும் சபையாக இருப்பதை நிறுத்திக்கொண்டது என்றே நான் கருதுவேன்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பதிவுக்கு உட்பட்ட திட்டங்களில் தரகு செய்வோர் ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்றும், பதிவாகாத திட்டத்தின் மனையை விற்றுத் தரக்கூடாதென்றும் சொல்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். மஹாராஷ்டிரம் 2023-இல் ஒருபடி மேலே போய்த் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. புதுச்சேரிக்கும் அது வந்தால் வரவேற்கத்தக்கதே. ஆனால் பரீட்சை வினாத்தாள் சட்டப் பிரிவைக் கேட்கும்; சொல்தா வீட்டின் தாயார் இன்னும் உயிரோடிருக்கிறாரா என்று கேட்கத் தோன்றுவதை அது எப்படிச் சோதிக்கும்? மேலும் அச்சட்டத்தின் கீழ்வருவது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8 குடியிருப்புகளுக்கு மேற்பட்ட புதுத் திட்டங்களே. காமாட்சியம்மன் கோயில் தெருவிலோ வைசியாள் தெருவிலோ கைமாறும் பழைய வீடு அதன் கண்ணில் படுவதில்லை.

வைசியாள் தெரு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அத்தெருவின் தாழ்வார வீடுகளைப் பழைய முகத்தோடு சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. அதன் பின், பாழடைந்தது என்று மனை விலைக்குத் தள்ளப்பட்ட பழைய வீடுகளுக்கு, அவற்றின் தேக்குத் தூண்களுக்காகவும் முற்றத்துக்காகவுமே தேடி வரும் ஒரு ரகம் வாடிக்கையாளர் இருக்கிறார் என்பதைத் தரகர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக அறிந்தார்கள். மரபுப் பட்டியலில் உள்ள வீட்டை, “இடிச்சிட்டு அபார்ட்மென்ட் கட்டலாம் சார்” என்று விற்றுவிட்டுப் பிறகு அனுமதி கிடைக்காமல் விழித்தவர்களின் கதையும் அதே வழியாகத்தான் பரவியது.

குழுக்களில் அரிதான ஒரு குணம் உண்டு. அதைக் கொண்டே நான் ஒரு குழுவை எடைபோடுவேன். கேள்வி கேட்டவர் பதிலை வாங்கிக்கொண்டு போய்விடாமல், விவகாரம் எப்படி முடிந்தது என்று பிற்பாடு வந்து சொல்கிறாரா என்பதே அது. நாம் மேலே வைத்துக்கொண்ட சொல்தா வீட்டு இளைஞரையே எடுத்துக்கொள்வோம். மூத்தவர் கேட்ட கேள்விகளை அவர் குடும்பத்தாரிடம் கேட்கிறார், தாயார் இருக்கிறார், வீடு கல்யாணத்துக்குப் பின் வாங்கியது, பவர் கொடுத்தவர்களில் ஒரு மகள் இல்லை. வக்கீலிடம் போகிறார்கள், அந்த மகளுக்குப் பிரான்ஸுக்குத் தொலைபேசி செய்கிறார்கள், அவர் விற்கச் சம்மதிக்கவில்லை. வியாபாரம் நின்றுபோயிற்று, கமிஷன் இல்லை. சில மாதம் கழித்து இளைஞர் குழுவில் எழுதுகிறார்: “அண்ணா, அது முடியல. ஒரு தங்கச்சி கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. அட்வான்ஸ் வாங்காம இருந்ததால தப்பிச்சோம்.” அதைப் படித்த இருவர், தங்கள் கையில் இருந்த இதே மாதிரி வீடுகளின் அக்ரிமென்டை நிறுத்திவைத்துவிட்டு, மறுநாள் காலை வக்கீல் அலுவலகத்துக்குப் போகிறார்கள்.